துண்டுத்தாளில் ஐந்து பெயர்கள்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். கடந்த பதினோரு வாரங்களாக எங்கள் வீடு பட்ட பாடு உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். அதை மறுபடியும் எழுத இப்போது எனக்குத் திடம் இல்லை. மாமியார் வியாழக்கிழமை வீடு திரும்பிவிட்டார். சன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து தம் கையாலேயே கஞ்சி குடிக்கிறார் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் மடியில் 1868ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவு ஒன்றின் படி இருக்கிறது. தூங்கும்போதுகூட அதை வாங்கி வைக்க விடுவதில்லை. அந்தத் தாள் அவர் கைக்கு வந்து சேர உதவிய அனைவருக்குமான மடல் இது. அவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்கு ஆங்கிலத்தில் தனித்தனியே எழுதிவிட்டேன். ஆனாலும் மனத்தில் இருப்பது இருக்கிறபடி வெளிவர எனக்குத் தமிழ்தான் வேண்டியிருக்கிறது.

மருத்துவமனையில் மிக மோசமாக இருந்த அந்த வாரத்தில் மாமியார் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "என் அம்மாவைப் பெற்றவள் எங்கே பிறந்தாள் என்று கண்டுபிடித்துச் சொல்." அந்தக் கேள்விக்குப் பின்னால் எண்பது ஆண்டுகால மனக்குறை இருந்தது என்பதை என் கணவர்தாம் எனக்குச் சொன்னார். ஸ்காட்லாந்தில் மூத்த மகனுக்குத் தந்தையைப் பெற்றவரின் பெயரையும், மூத்த மகளுக்குத் தாயைப் பெற்றவளின் பெயரையும் வைப்பது பழைய வழக்கம். மாமியாரின் பாட்டி பெயர் எஃபி. சித்தியின் மூத்த மகளுக்கு முறைப்படி எஃபி என்றே பெயர் வைத்தார்கள். மாமியாருக்கோ, அவரும் மூத்த மகளாக இருந்தும், ஹென்ரியட்டா என்று வைத்துவிட்டார்கள். காரணம் சொல்லியிருக்கக்கூடிய தாய், மாமியாருக்கு ஆறு வயதாகும்போதே காலமாகிவிட்டார். தாய்வழி உறவில் தம்மை ஒரு படி தள்ளியே வைத்திருந்தார்கள் என்று அவர் வாழ்நாள் முழுவதும் எண்ணியிருக்கிறார்.

எங்களுக்குக் கிடைத்த தொடக்கம் மோசமானதல்ல. திருமணமான பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரையும் விடாமல் எழுதிவைக்கும் நல்ல வழக்கம் ஸ்காட்லாந்துப் பதிவேடுகளில் உண்டு. 1894இல் கிளாஸ்கோவில் நடந்த பாட்டியின் திருமணப் பதிவு கிடைத்தது. அதில் அவர் பெயர் எஃபி என்பதன் முழு வடிவமான யூஃபீமியா என்றும், தாயின் பெயர் மேரியன் என்றும், தாயும் தந்தையும் பிறப்பால் மக்காய் குடும்பத்தினர் என்றும் இருந்தது. 1901 கணக்கெடுப்பில் பாட்டியின் பிறந்த இடமாகச் சதர்லாந்து மாவட்டத்தின் ஃபார் என்னும் திருச்சபை வட்டம் குறிக்கப்பட்டிருந்தது. இதற்குமேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அந்த வடகடற்கரை முழுவதுமே மக்காய்களின் நாடு. 1864 முதல் 1872 வரை அங்கே பிறந்த எஃபிகளையும் யூஃபீமியாக்களையும் ஒவ்வொருவராகத் திறந்து பார்த்தேன். ஒருத்தியின் பெற்றோரும் பொருந்தவில்லை. வேலை முடிந்து மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்து வீடு வந்து, நள்ளிரவுவரை கணினியில் தேடிய அந்த நாட்களில், ஒருவேளை அந்தக் குழந்தையின் பிறப்பைப் பதியவே இல்லையோ என்றுகூடத் தோன்றிவிட்டது.

கடைசி முயற்சியாக ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு எடின்பரோ சென்றேன். வேவர்லி நிலையத்தில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால், குதிரைமேல் அமர்ந்த வெலிங்டன் சிலைக்குப் பின்னால், கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் வடிவமைத்த ஜெனரல் ரெஜிஸ்டர் ஹவுஸ் நிற்கிறது. பழைய பதிவேடுகளைத் தேடிப் பார்க்கும் மையம் அங்கேதான் இருக்கிறது. நாள் கட்டணம் செலுத்திவிட்டால் பதிவேடுகளின் படங்களைத் தனித்தனியே காசு கொடுக்காமல் அன்று முழுவதும் பார்க்கலாம். பிற்பகல் மூன்று மணிவரை பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லை. அழுதேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து இருக்கையில் எழுபதைக் கடந்த ஒரு பெரியவர் இருந்தார். அவர் தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டது இதுதான்: "1901 கணக்கெடுப்பில் பிறந்த இடத்துக்கு அடுத்த பத்தியைப் பார்த்தீர்களா?" நான் பார்க்கவில்லை. ஊர்ப் பெயர் கிடைத்த மகிழ்ச்சியில் அந்த இடத்தோடு கண் நின்றுவிட்டது. மறுபடி திறந்தபோது, பாட்டியின் பெயருக்கு நேராக, ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கும் ஆங்கிலமும் பேசுபவர் என்பதைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் இருந்தன. மொழி பற்றிய அந்தக் கேள்வியை 1881 முதல் ஸ்காட்லாந்துக் கணக்கெடுப்பில் கேட்டிருக்கிறார்கள் என்று அவர் விளக்கினார். பிறகு ஒரு துண்டுத்தாளை எடுத்துப் பென்சிலால் நிதானமாக எழுதினார். மேலே ஒய்ரிக் என்ற கேலிக் பெயர். அதற்குக் கீழே யூஃபீமியா, எரிகா, எட்டா, ஆஃப்ரிக்கா, ஹென்ரியட்டா என்று ஐந்து பெயர்கள். ஒய்ரிக் என்று தாய் அழைத்த குழந்தைக்கு ஆங்கிலத்தில் இவற்றில் எதையும் எழுதியிருப்பார்கள், வீட்டில் கூப்பிடும்போது எஃபி என்பார்கள், பதிவாளர் மாறினால் பெயரும் மாறும் என்றார்.

ஐந்தாவது பெயரைப் படித்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. எங்கள் மாமியாரின் பெயர் அது என்பது அந்தப் பெரியவருக்குத் தெரியாது.

மூடுவதற்கு ஒரு மணி நேரமே இருந்தது. அவர் தம் தேடலை அப்படியே நிறுத்திவிட்டு, நான் நடுங்கும் கையோடு தட்டெழுதுவதைப் பொறுமையாகப் பார்த்திருந்து, ஆண்டுகளை இரண்டு பக்கமும் நீட்டித் தேடச் சொன்னார். இரண்டு பதிவுகள் பொருந்தவில்லை. மூன்றாவதில், 1868இல், பெட்டிஹில்லுக்குக் கிழக்கே உள்ள கர்ட்டமி என்னும் கடலோரச் சிற்றூரில், ஹென்ரியட்டா பிறந்திருந்தாள். தந்தையின் பெயர் பொருந்தியது, தாயின் பெயரும் பொருந்தியது. தகவல் தந்தவர் தாய். கையொப்பத்தின் இடத்தில் ஒரு பெருக்கல் குறியும், அது அவருடைய அடையாளம் என்ற குறிப்பும் இருந்தன. எழுதத் தெரியாத அந்தத் தாய் வாயால் சொன்ன பெயருக்குப் பதிவாளர் ஓர் ஆங்கில வடிவம் கொடுத்துவிட்டார். கிளாஸ்கோவில் திருமணத்தைப் பதிந்தவர் வேறொரு வடிவம் கொடுத்தார்.

அந்தக் கடற்கரையில் அவர்கள் ஏன் இருந்தார்கள் என்பதையும் பெரியவர்தாம் சொன்னார். ஆடு வளர்ப்புக்காக 1814இலும் 1819இலும் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கிலிருந்து குடியானவர்களை வெளியேற்றியபோது, அவர்களில் பலரைக் கடலோரத்துச் சிறு துண்டு நிலங்களில் குடியேற்றினார்கள். வயலை விட்டு வந்தவர்கள் அங்கே மீன்பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இதைச் சொல்லும்போது அவர் குரல் சற்றுத் தழுதழுத்தது. அவருடைய முன்னோரும் வடக்கிலிருந்து வந்தவர்களாக இருக்கவேண்டும்.

அன்றிரவே படியை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். பேரன் என்பது பெயரன், பேத்தி என்பது பெயர்த்தி, பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்குபவர்கள் என்று நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். அதை மாமியாருக்கு நான் எப்போதோ சொல்லியிருந்தேன். "அத்தை, உங்கள் அம்மா முறை தவறவில்லை. சித்தி மகளுக்குக் கிடைத்தது வீட்டில் கூப்பிட்ட பெயர். உங்களுக்குக் கிடைத்தது ஏட்டில் எழுதிய பெயர். இரண்டும் ஒரே ஒய்ரிக்தான்" என்றேன். அவர் அந்தப் பெருக்கல் குறியின்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்தக் கேலிக் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டார். நானும் அவரும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம். மறுநாள் காலை, பல நாட்களுக்குப் பிறகு, உணவு வேண்டும் என்று அவராகவே கேட்டார் என்று செவிலியர் சொன்னார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பதை மருத்துவர்கள்தாம் சொல்லவேண்டும். நான் என் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

இன்னும் பலருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். இரவில் முறைவைத்து மருத்துவமனையில் துணையிருந்த தோழியர், குளிரில் ரசமும் சோறும் தூக்கி வந்த பக்கத்துத் தெருத் தமிழ்க் குடும்பங்கள், பழைய கையெழுத்தைப் பெரிதாக்கிப் படித்துச் சொன்ன என் கணவரின் தங்கை, ஃபார் கல்லறைத் தோட்டத்தில் பாசி படிந்த மக்காய் கற்களைப் படமெடுத்து அனுப்பிய தன்னார்வலர், செவிலியர்கள், மருத்துவர்கள் அனைவருக்கும் எங்கள் வீட்டின் வணக்கமும் நன்றியும்.

அந்தப் பெரியவரின் முழுப்பெயரை நான் கேட்டுவைக்கவில்லை. வெளியே வந்து படியில் நின்றபோதுதான், அவர் அதிகாலை ரயிலில் இன்வர்னஸிலிருந்து வந்தவர் என்பதும், தம் தாயைப் பற்றித் தேட வந்தவர் என்பதும் தெரிந்தன. கிளாஸ்கோவின் ஏழைக் குழந்தைகளை வடக்கே முன்பின் தெரியாத குடும்பங்களில் விட்டு வளர்க்கும் முறை அந்நாளில் இருந்தது. அவருடைய தாயும் அப்படி அனுப்பப்பட்டவர். தம் தாயைப் பெற்றவள் யார் என்பது அவருக்கும் தெரியாது. அந்தத் தேடலுக்கென்று வைத்திருந்த நாளின் கடைசி ஒரு மணி நேரத்தைத்தான் எனக்குத் தந்துவிட்டார்.

கிளாஸ்கோவின் ஏழை நிவாரண விண்ணப்பங்கள் மிட்செல் நூலகத்தில் இருக்கின்றன; அந்த நூலகம் என் அலுவலகத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் இருக்கிறது. விண்ணப்பித்தவரின் பிறந்த ஊர், பெற்றோர் பெயர் எல்லாம் அவற்றில் எழுதப்பட்டிருக்கும். அவர் தாயின் பெயரையும் பிறந்த ஆண்டையும் படியில் நின்றபோது சொன்னார், என் நினைவில் இருக்கின்றன. வரும் சனிக்கிழமை முதல் அங்கே உட்காரப்போகிறேன். எடின்பரோ மையத்தின் வரவேற்பு மேசையில் அவருக்கென்று ஒரு கடித உறை கொடுத்து வைத்திருக்கிறேன். மாமியார் தம் கையால் எழுதிய இரண்டு வரியும் என் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கின்றன. கடிதத்தின் அடியில் அவர் ஹென்ரியட்டா என்று எழுதி, பக்கத்தில் ஒய்ரிக் என்றும் கையொப்பமிட்டிருக்கிறார்.