பேரு ஒன்னு, படிப்பு ரெண்டு

ஆசிரியருக்கு வணக்கம். என் மக கணிதம் படிக்கிறா, இந்த செமஸ்டர் ஃபங்ஷனல் அனாலிசிஸ் எடுத்திருக்கான்னு பட்டர்வொர்த்ல ஒரு கல்யாணத்துல சொன்னேன், உடனே ஆட்டிசம் பிள்ளைங்களோட வேலை செய்ற ஒரு அக்கா, அட நாங்களும் அதத்தானே செய்றோம்னாங்க. விசாரிச்சா ரெண்டும் வேற வேற.

அக்காவோடது மனோவியல். பிள்ளை தன்னையே அடிச்சுக்குதுன்னா அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, அடிச்ச பிறகு என்ன கிடைக்குது, நம்ம கவனமா, பாடத்துலேர்ந்து தப்பிக்கிறதா, இத சூழ்நிலைய மாத்தி மாத்தி பார்த்து கண்டுபிடிக்கிறாங்க. 1982-ல அமெரிக்காவுல ஐவாட்டாங்கிற மனோவியல் ஆய்வாளரோட குழு இதுக்கு ஒரு முறையே வகுத்துச்சு.

மக படிக்கிறது வேற உலகம். வீணைத் தந்தி அதிர்றப்ப ஒவ்வொரு கணமும் அதுக்கு ஒரு வளைவு இருக்கில்ல, அந்த முழு வளைவையும் ஒரே ஒரு புள்ளியா எடுத்துக்கிறாங்க, அந்த மாதிரி புள்ளிங்க எல்லாம் சேர்ந்து ஒரு வெளி, அதுக்கு முடிவே இல்லாத பரிமாணம், அதுலயும் ரெண்டு வளைவுக்கு நடுவுல தூரத்த அளக்கலாம்! இது புரிஞ்ச அன்னைக்கு எனக்குப் புல்லரிச்சிருச்சு. போலந்து நாட்டுக் கணித மேதை பானாக் 1920-கள்ல போட்ட அடித்தளம் இது. குவாண்டம் இயற்பியலும் ஹில்பர்ட் வெளிங்கிற இந்த மாதிரி ஒரு வெளியிலதான் நிக்குது.

இங்கிலீஷ்ல ஒரே சொல்லு, தமிழ்ல நமக்கு ரெண்டு இருக்கு ஐயா. கணிதத்துக்கு சார்பு, மனோவியலுக்கு செயல்பாடு. உங்க கல்விப் பக்கத்துல பிரிச்சே எழுதுங்க, சார்பியல்னு மட்டும் போட்டுடாதீங்க, அது ஐன்ஸ்டைனுக்குப் போயிருச்சு.

ஒரு தகப்பன்,
பிறை, பினாங்கு