முப்பது நாளில் பத்து கிலோ: ஒரு தையல்காரரின் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்தில் 31 ஆண்டுகளாகப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்து வருகிறேன். சென்ற வாரம் தங்கள் நாளிதழைப் பிரித்தபோது மடிப்புக்குள்ளிருந்து ஓர் இளஞ்சிவப்புத் துண்டறிக்கை வெட்டுப் பலகையில் விழுந்தது. 'முப்பது நாளில் பத்து கிலோ. பசியில்லை, உடற்பயிற்சி இல்லை' என்று அதில் இருந்தது. அதைச் செருகியது பேப்பர் போடும் பையன்தான், தங்கள் அலுவலகம் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் இதே தாள் போன ஐப்பசியில் என் அக்காள் வீட்டுக்கும் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

அக்காள் மகளுக்குத் தையில் கல்யாணம். வயது 26, எடை 74 கிலோ. மாஹிமில் ரயில் ஏறி அந்தேரிக்கு வேலைக்குப் போகிறவள். முகூர்த்தப் புடவைக்கு ஆரி வேலை செய்த ஜாக்கெட் வேண்டுமென்று கார்த்திகை முதல் வாரத்தில் அளவு கொடுக்க வந்தாள். மார்பு 38 அங்குலம். "மாமா, 35-க்கு வெட்டிவிடுங்கள், தைக்குள் அந்த அளவுக்கு வந்துவிடுவேன்" என்றாள். மணப்பெண்களில் பாதிப் பேர் இப்படித்தான் கேட்கிறார்கள். நாடா காட்டாத அளவுக்கு நான் கத்திரி வைப்பதில்லை. 38-க்கே வெட்டினேன், இரண்டு பக்கமும் உள்ளே தாராளமாகத் துணி விட்டேன். ஆரி வேலை செய்த துணியில் கைக்குழியைத் திருத்துவது எவ்வளவு பெரிய தலைவலி என்பது தைக்கிறவர்களுக்குத் தெரியும்.

அந்தத் துண்டறிக்கையை நம்பி, காலையில் டப்பாவில் வந்த மாவைக் கரைத்து ஒரு டம்ளர், மதியம் வெள்ளரிக்காய், இரவு சூப். இவ்வளவுதான் அவள் சாப்பாடு. முதல் வாரத்திலேயே மூன்று கிலோ இறங்கியது, வீட்டில் ஒரே கொண்டாட்டம். அந்த மூன்று கிலோவைப் பற்றி எனக்கு இப்போது தெரிந்ததைச் சொல்கிறேன். உடம்பு கொஞ்சம் மாவுச்சத்தைக் கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருக்கிறது. அதன் எடையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு தண்ணீரும் அதோடு தங்கியிருக்கிறது. சாப்பாட்டை நிறுத்தியதும் முதலில் வெளியேறுவது இந்தச் சரக்குதான். லைனிங் துணியை நனைத்துக் காயவைத்துத்தான் வெட்டுவோம், முதல் நனைப்பில் சுருங்கிவிடும் என்பதால். அந்தச் சுருக்கத்தைப் பார்த்துவிட்டு, துணி ஒவ்வொரு வாரமும் இதே போலச் சுருங்கும் என்று எந்தத் தையல்காரனாவது கணக்குப் போடுவானா?

ஏழு வாரத்தில் 12 கிலோ. மார்கழியில் ஒரு விடியற்காலை கோலம் போட எழுந்தவள் வாசலிலேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி தோள்பட்டை வரை ஏறியது, வாந்தியும் சேர்ந்துகொண்டது. வாயுப் பிடிப்பு என்று அக்காள் ஓமத் தண்ணீர் கொடுத்தாள். மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் கற்கள். படத்தைப் பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "சமீபத்தில் வேகமாக இளைத்தீர்களா?" என்பதுதான்.

அவர் பொறுமையாக விளக்கினார். கொழுப்பு அவசரமாகக் கரையும்போது கல்லீரல் கூடுதல் கொலஸ்ட்ராலைப் பித்தநீரில் தள்ளுகிறது. சாப்பாட்டில் எண்ணெயே இல்லாவிட்டால் பித்தப்பை சரியாகச் சுருங்கிக் காலியாவதில்லை. தேங்கிய நீரில் வண்டல் படிந்து கல்லாகிறது. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் இறங்குகிறவர்களுக்கு இந்த ஆபத்து அதிகமாம். பொதுவாக வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை போதும் என்றார். கல்யாணம் எப்படியோ நடந்தது. மாசியில் பித்தப்பையை எடுத்தார்கள். பங்குனியில் தலைவாரினால் கொத்துக் கொத்தாக முடி வந்தது. கடும் பட்டினிக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படி உதிரும், திரும்ப வளர்ந்துவிடும் என்று மருத்துவர் சொன்னதால் அழுகை கொஞ்சம் குறைந்தது.

இனி கணக்குக்கு வருகிறேன். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. பத்து கிலோவுக்கு 77,000. அதை முப்பது நாளில் கரைக்க, ஒரு நாளைக்கு 2,560-க்கு மேல் பற்றாக்குறை வேண்டும். ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-ல் வெளியிட்ட பரிந்துரையில், உட்கார்ந்து வேலை செய்யும் சராசரிப் பெண்ணுக்கு ஒரு நாளின் தேவையே 1,660 கலோரிதான். அதாவது அந்தப் பெண் முப்பது நாளும் ஒரு பருக்கை கூடத் தொடாமல் கிடந்தாலும் பத்து கிலோ கொழுப்பு கரையாது. அப்படியும் தராசில் பத்து கிலோ குறைந்தால் கொழுப்போடு தண்ணீரும் தசையும் போயிருக்கின்றன. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எனக்கே பிடிபடும் பெருக்கல் வகுத்தல், துண்டறிக்கை அச்சடித்தவருக்குத் தெரியாமலா இருக்கும்?

அதிலிருந்த எண்ணுக்கு போன் செய்து கேட்டேன். "வெளிநாட்டில் மருத்துவர்களே இப்படித்தான் செய்கிறார்கள்" என்றார் ஒருவர். அதில் பாதி உண்மை என்பதைப் பிறகு மருத்துவரிடமிருந்து தெரிந்துகொண்டேன். பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை ஒரு நாளைக்கு சுமார் 850 கலோரி மட்டும் கொடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2017-ல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குப் பிறகு அவர்களில் 46 சதவீதம் பேர் மாத்திரையில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தார்கள். ஆனால் அங்கே முதல் நாளே சர்க்கரை மாத்திரையையும் ரத்தஅழுத்த மாத்திரையையும் நிறுத்திவிட்டுத் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். நம் ஆள் என்னிடம் வயதைக் கூடக் கேட்கவில்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டே பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம் என்று நான் சொன்னதும் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், உபதேசம் செய்ய மட்டும் வந்தவன் என்று நினைக்க வேண்டாம். நான்கு ஆண்டுகளுக்கு முன் எனக்குச் சர்க்கரை தலைகாட்டியது, எடை 82. ஐந்து சதவீதம் குறைத்தாலே பலன் தெரியும் என்றார்கள், அதாவது நான்கு கிலோ. மெஷினில் உட்கார்ந்தபடி ஒரு நாளைக்கு ஆறு டீ குடிப்பேன், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. மொத்தம் 60 கிராம், 240 கலோரி. அதை நிறுத்தினேன், இரவுச் சோற்றைப் பாதியாக்கி சுண்டலும் கீரையும் சேர்த்தேன், கடையடைத்த பிறகு மாஹிம் இயற்கைப் பூங்கா வரை நடந்தேன். ஐந்து மாதத்தில் ஆறு கிலோ, வாரத்துக்கு 300 கிராம்கூட வராது. பக்கத்துக் கடைக்காரர் என்னைக் கேலி செய்தார், போகட்டும்.

தராசை விட நாடாவை நம்புங்கள் என்று என் தொழில் புத்தி சொல்கிறது. இந்தியர்களுக்கு வயிற்றுச் சுற்றளவு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. தாண்டக்கூடாது. எங்கள் நாடாவில் ஏறக்குறைய 35½, 31½ அங்குலம். பேன்ட் அளவைச் சொல்லி ஏமாறாதீர்கள், பெல்ட்டை எல்லாரும் தொப்பைக்குக் கீழேதான் கட்டுகிறோம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும்.

தங்களிடம் ஒரே வேண்டுகோள். கல்யாண சீசனுக்கு ஒரு மாதம் முன்பு தங்கள் இணைப்பில் ஒல்லியாவது எப்படி என்று படத்தோடு போடுகிறீர்கள். அதை ஆடியில் போடுங்கள். தைக்கு ஆறு மாதம் இருக்கும், வாரத்துக்கு அரைக் கிலோ என்றாலே 12 கிலோ நிதானமாக இறங்கும். அந்தப் பக்கத்தை ஒரு மருத்துவரை வைத்து எழுதுங்கள். விநியோகஸ்தர்களிடமும் இந்தத் துண்டறிக்கை பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

முகூர்த்த ஜாக்கெட்டைக் கல்யாணத்துக்கு 34½ அங்குலமாகப் பிடித்துக் கொடுத்தேன். இந்த ஆடியில் அதையே எடுத்துக்கொண்டு வந்தாள். எடை 71, மார்பு 37½. பக்கத் தையலைப் பிரித்தேன், உள்ளே விட்டிருந்த துணி சரியாகப் போதுமானதாக இருந்தது. பழைய ஊசித் துளைகள் மட்டும் பட்டில் வரிசையாகத் தெரிகின்றன.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
தாராவி, மும்பை