தங்கச்சி, காற்றிலிருந்து கணக்கைத் தொடங்கும்

அன்புள்ள தங்கச்சி,

கிறீகி இடைநிலைகளின் (ஓசோன் சேதனச் சேர்வைகளை உடைக்கும்போது சிறிது நேரம் மட்டும் இருக்கும் மூலக்கூறுகள்) தாக்கவீதத்தைக் கணினியில் கணிக்க எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று வவுனியாவிலிருந்து கேட்டிருந்தீர். மென்பொருளைப் பிறகு திறக்கலாம். முதலில் வன்னிக் காற்றைக் கணக்கெடும்; அதிலுள்ள நீரும் கிறீகியோடு தாக்கி அதை மறையச் செய்யும்.

மாரிகாலத்து நாளொன்றில் 30 பாகை, சாரீரப்பதன் 80% என்று வைப்போம். நீராவியின் அழுத்தம் சுமார் 34 ஹெக்டோபஸ்கால். அதாவது ஒரு கன சென்ரிமீற்றரில் 8×10¹⁷ நீர் மூலக்கூறுகள். இவற்றில் மிகச் சிறுபங்கு இரண்டிரண்டாகப் பிணைந்திருக்கும். ஏறக்குறைய 10¹⁵ சோடி. பாடப்புத்தகத்தில் இருபகுதியம் என்பது இந்தச் சோடியைத்தான்.

ஓசோன், இரட்டைப் பிணைப்புள்ள சேதனச் சேர்வைகளை உடைக்கும்போது இந்த இடைநிலை உண்டாகும் என்று ருடோல்ஃப் கிறீகி 1949 இல் சொன்னார். அதை நேரடியாகப் பிடித்து அளக்க 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஈரயடோமெதேனை 248 நானோமீற்றர் லேசரால் உடைத்து, ஒட்சிசனோடு சேர்த்து, மிகச் சிறிய கிறீகியை உண்டாக்கினார்கள். கந்தகவீரொட்சைட்டுடன் அதன் வீத மாறிலி 3.9×10⁻¹¹ என்று வந்தது (இங்குள்ள மாறிலிகளின் அலகு, மூலக்கூறொன்றுக்குச் செக்கனுக்குக் கன சென்ரிமீற்றர்). வளிமண்டல மாதிரிகளில் அதுவரை போட்டிருந்த எண் இதைவிட மிகச் சிறியது. கந்தகவமிலத்துக்குப் புது வழி கிடைத்துவிட்டதென்று பலரும் எழுதினார்கள். கொஞ்சம் அவசரம்தான். தனி நீரைவிட நீர்ச்சோடி வேகமாகத் தாக்கும் என்று கொள்கைக் கணிப்பு 2004 இலேயே சொல்லியிருந்தது. 2015 இல் பரிசோதனை அதை உறுதி செய்தது: ஈரப்பதன் இரண்டு மடங்கானால் மறையும் வேகம் நான்கு மடங்கு. வர்க்கமாய் ஏறுவது சோடியின் கைரேகை. சோடிக்குரிய வீத மாறிலி 6.5×10⁻¹².

இப்போது மாறிலியை மூலக்கூறுகளின் எண்ணிக்கையால் பெருக்கும். மிகச் சிறிய கிறீகியை நீர்ச்சோடி செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை தாக்கும். சோழகம் நுரைச்சோலை அனல்மின் நிலையப் பக்கப் புகையைக் கொண்டுவந்து கந்தகவீரொட்சைட்டு நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலும், அதன் பங்கு செக்கனுக்கு ஒரு தடவைதான்.

தடைச்சக்தியில் 4 கிலோயூல் பிழைத்தால் வீதம் ஐந்து மடங்கு பிழைக்கும். ஆயிரங்களோடு மோதும் ஒன்று ஐந்தானால் என்ன? மிகச் சிறிய கிறீகியின் கந்தகவீரொட்சைட்டுத் தாக்கத்துக்குக் கணினி நேரத்தைக் கொட்டாதேயும்.

இரண்டு மெதைல் கூட்டமுள்ள கிறீகிக்குத்தான் துல்லியம் தேவை. அது நீரைப் பெரிதாகக் கவனிக்காது. தானாகவே உடைந்து ஐதரொட்சில் மூலிகம் தரும், 25 பாகையில் செக்கனுக்குச் சில நூறு. இங்கே ஐந்து மடங்கு பிழை மாதிரியைக் கவிழ்க்கும். ஐதரசன் தடையைத் தாண்டாமல் ஊடுருவிப் போவதைக் கணக்கில் விட்டால் வீதம் குறையும், ஆயுள் நீளும், மாதிரி இல்லாத கந்தகவமிலத்தைக் கொட்டும்.

செய்யும் ஒழுங்கு: ஓர்கா என்ற குவாண்டம் இரசாயன மென்பொருள் கல்விப் பாவனைக்கு இலவசம். கடவு நிலையை (தாக்கப் பாதையில் தடையின் உச்சி) கண்டதும் அதிர்வுகளைப் பாரும்; ஒரேயொரு கற்பனை அதிர்வெண் இருக்கவேண்டும். பிறகு இரு பக்கமும் பாதையை இறக்கிப் பாரும். பலர் இதைத் தவிர்த்து, வேறெங்கோ போகும் கடவையை நம்பிவிடுகிறார்கள். சக்தியை மட்டும் உயர்ந்த முறையில் மீண்டும் கணியும்.

6.5×10⁻¹² என்பது 25 பாகைக்குரியது. சூடு கூடினால் அது குறையும், சோடிகளும் குறையும். 30 பாகைக்கு அப்படியே போடாதேயும்.

ஈரப்பதனை ஈர, உலர் குமிழ் வெப்பமானியால் எடுப்பீரென்றால் திரியைப் பாரும். அது காய்ந்திருந்தால் ஈரப்பதன் கூடக் காட்டும். 10% பிழை, வர்க்கத்தில் 20% ஆகும்.

அன்புடன்,
அண்ணன்