கோமுவுக்கு, இல்ஃபோர்டிலிருந்து

இல்ஃபோர்ட்,
3-10-2024

அன்புள்ள கோமு,

ஒன்றரை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தவளுக்கு நலம் விசாரிக்கிற அருகதை கிடையாது. இருந்தாலும் முறைக்குக் கேட்டுவிடுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்குச் சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. பெரியவன் மறுபடியும் வேலை மாறிவிட்டான். கடை ஓடுகிறது. திட்டுவதையெல்லாம் சேர்த்துவைத்துக்கொள், ஜனவரியில் நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது நான் சொல்ல வந்ததைக் கேள்.

நடிகை மேகி ஸ்மித் போய்விட்டாள். போன வெள்ளிக்கிழமை, 27-ஆம் தேதி, லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில். வயது 89. 'அவர், இவர்' என்று மரியாதையாக எழுதத்தான் பார்த்தேன், கை வரவில்லை. இத்தனை வருஷமாக எங்கள் வீட்டு முன்னறை டிவியில் வந்து உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தவள். நீ பேப்பரில் பார்த்திருப்பாய். 'ஹாரி பாட்டர் நடிகை மறைவு' என்றுதான் போட்டிருப்பான். எனக்கு முதல் கோபமே அதில்தான். சனிக்கிழமை காலையில் கடையில் வேலை பார்க்கிற பையன், "ஆன்ட்டி, ஹாக்வார்ட்ஸ் டீச்சர் செத்துட்டாங்களாம்" என்றான். ஹாரி பாட்டர் படத்து மந்திரப் பள்ளிக்கூடத்தைத்தான் சொல்கிறான். 1952-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வயோலாவாக மேடை ஏறியவள், எழுபது வருஷத்துக்கு மேல் நடித்தவள், இரண்டு ஆஸ்கார் வாங்கியவள். கடைசியில் அவளுக்குக் கிடைத்த பட்டம் 'ஹாக்வார்ட்ஸ் டீச்சர்'. அவனைக் கொத்தமல்லிக் கட்டுப் பிரிக்க அனுப்பிவிட்டேன்.

பத்து மணிக்கு இஞ்சிக்காரம்மா வந்தாள். உனக்குத்தான் அவளைப் பற்றி எழுதியிருக்கிறேனே, வாராவாரம் ஒரு விரல் இஞ்சிக்காக இரண்டு பஸ் ஸ்டாப் நடந்து வருகிற அந்த வெள்ளைக்காரக் கிழவி. அன்றைக்கு இஞ்சி எடுக்கவில்லை. கல்லாவுக்கு முன்னால் நின்று, "நம்ம ஊர்ப் பொண்ணு போயிட்டா" என்றாள்.

நம்ம ஊர்ப் பொண்ணு என்றால் நிஜமாகவே நம்ம ஊர்ப் பொண்ணுதான். மேகி ஸ்மித் 1934 டிசம்பர் 28-ஆம் தேதி பிறந்தது இந்த இல்ஃபோர்டில். இன்றைக்கு இங்கே தடுக்கி விழுந்தால் தமிழ்க் கடையில்தான் விழ வேண்டும். அப்பாவுக்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நோய்க்கூறு ஆய்வு வேலை கிடைக்க, இவளுக்கு நாலு வயதாகும்போதே குடும்பம் அங்கே போய்விட்டது. நாலு வருஷம் இருந்தாலும் இல்ஃபோர்டுக்காரிதான் என்பது இஞ்சிக்காரம்மாவின் கட்சி. திருநெல்வேலி ஜங்ஷனில் ரயில் நின்றபோது காப்பி வாங்கிக் குடித்தவர்களைக்கூட நம் ஆட்கள் 'நம்ம ஊர்க்காரர்' என்பார்களே, அந்த ஜாதிதான் இவளும். அதனால்தான் எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

இந்த மேகி ஸ்மித் பைத்தியத்தை எனக்குப் பிடிக்கவைத்ததும் இஞ்சிக்காரம்மாதான். கடை வைத்த புதிதில் ஒருநாள் ஒரு டிவிடியை நீட்டினாள். முகத்தில் ஒரு விஷமச் சிரிப்பு. ஆலன் பென்னட் எழுதி, மேகி ஸ்மித் ஒருத்தியே பேசி நடித்து, 1988-இல் பிபிசியில் வந்த தனிமொழி நாடகம். பெயரைத் தமிழில் சொன்னால் 'பருப்புகளுக்கு நடுவே ஒரு படுக்கை'. பாதிரியாரின் மனைவி ஒருத்தி. குடிக்கிறாள், யாருக்கும் தெரியாமல் என்று நினைத்துக்கொண்டு குடிக்கிறாள். ஊரில் கடன் சொல்லி வாங்கின சாராயக் கணக்கு ஏறிவிட, லீட்ஸ் வரைக்கும் போய் ரமேஷ் என்கிற இந்தியரின் மளிகைக்கடையில் வாங்குகிறாள். அப்புறம் பின்கட்டில், பருப்பு மூட்டைகளுக்கு நடுவில்... பெயரிலேயே இருக்கிறதே, மிச்சத்தை நீயே யோசித்துக்கொள். இதை நான் எங்கள் வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பார்த்தேன் கோமு! பருப்பு மூட்டை வந்ததும் மனுஷன் எழுந்து, "ஸ்டாக் பார்த்துட்டு வரேன்" என்று கீழே போனவர், படம் முடிகிறவரை மேலே வரவில்லை.

நான் சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் ஒருத்திதான், எதிரே ஒரு கேமரா. அழுகை கிடையாது, குரலை உயர்த்துவது கிடையாது. கோயில் பூ அலங்காரத்தில் பெண்கள் போடும் சண்டையையும், தன் வாழ்க்கை பாழாய்ப்போனதையும் ஒரே குரலில் சொல்கிறாள், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் புரணி பேசுகிற மாதிரி. ஒரு வாக்கியம் முடிந்ததும் வாயின் ஒரு ஓரம் மட்டும் கீழே இறங்கும். அதற்குள் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவாள். அந்த ஓரத்தைப் பார்க்கத் தவறினால் உனக்கு அது வெறும் நகைச்சுவை. குடியை விடச் சொல்லிக் கேட்பது புருஷன் இல்லை, கடைக்காரர். விட்டபிறகு அந்தப் பாதிரியார் அதையும் தன் பெருமையாக ஊருக்குக் காட்டிக்கொள்கிறார். நம் பிச்சம்மா டீச்சர் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. சரி, வேண்டாம்.

அன்றிலிருந்து ஒன்று விடாமல் தேடிப் பார்த்தேன். ராஜஸ்தானில் எடுத்த அந்த மாரிகோல்ட் ஹோட்டல் படம் மட்டும் எனக்கு எரிச்சல். நம்மை ரொம்பத்தான் கலர் கலராகக் காட்டுவார்கள். ஆனால் அதிலும் இவள் பேர் வாயில் நுழையாத பண்டத்தைத் தொடமாட்டேன் என்று சக்கர நாற்காலியில் முறைத்துக்கொண்டு இருக்கும்போது, நம் ஊருக்கு வந்த வெள்ளைக்காரிகளை எல்லாம் நேரில் பார்த்த மாதிரி இருந்தது. பிரபு வீட்டுக் கதையான டவுன்டன் ஆபி தொடரை நீயும் பார்த்தாய், அதனால் அதிகம் அளக்கவில்லை. ஒன்றே ஒன்று. சாப்பாட்டு மேஜையில், வேலைக்குப் போகிற அந்தப் பையன் வார இறுதியில் மற்ற வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்பான். வீட்டுப் பெரிய கிழவியாக வரும் இவள், "வார இறுதி என்றால் என்ன?" என்று கேட்பாள். வேறு யார் சொன்னாலும் அது ஜோக்காகத்தான் வந்திருக்கும். இவள் ஜோக் அடிக்கவே இல்லை. வேலைக்கே போகாதவளுக்கு ஞாயிறு என்ன, செவ்வாய் என்ன? நிஜமாகவே தெரியாமல் கேட்கிறாள். இத்தனைக்கும் அந்தத் தொடரை அவள் உட்கார்ந்து பார்த்ததே இல்லையாம். அது வருகிறவரை நிம்மதியாகத் தெருவில் நடமாடிக்கொண்டிருந்தேன் என்று வேறு புலம்பினாள்.

மேகி ஸ்மித் மேடையில் அறை வாங்கின கதையைச் சொன்னேனா? 1964-இல் லண்டனில் ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகம். லாரன்ஸ் ஒலிவியே ஒதெல்லோ, இவள் டெஸ்டிமோனா. ஒருநாள் மேடையில் மனுஷன் நிஜமாகவே ஓங்கி அறைந்துவிட்டார். "நேஷனல் தியேட்டரில் நான் நட்சத்திரங்களைப் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்" என்பாள் இவள். இதை முதல் தடவை படித்தபோது அடுப்படியில் தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். நம் ஹாஸ்டல் நாடகத்தில் நீ டெஸ்டிமோனா, எஸ்தர் முகமெல்லாம் கரியைப் பூசிக்கொண்டு ஒதெல்லோ. அறைந்த அறையில் உன் கன்னத்தில் அஞ்சு விரலும் கறுப்பாகப் பதிந்து, அதோடேயே செத்துக் கிடந்தாயே, வார்டன் வரைக்கும் சிரித்தாளே! (ஒதெல்லோ கறுப்பினத்தவன் என்று கரி பூசியதை இன்றைக்கு என் பெண்ணிடம் சொன்னால் வீட்டை விட்டே துரத்திவிடுவாள். ஒலிவியேவும் பூசிக்கொண்டுதான் நடித்தார், அதையும் இப்போது யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.) ஆனால் சிரிப்பெல்லாம் அடங்கினபிறகு, கண்ணை மூடுவதற்கு முன்னால் நீ அந்தக் கடைசி வரியைச் சொன்னபோது கூடத்தில் ஒரு இருமல்கூட இல்லை. உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. முப்பத்தேழு இட்லியும் மறக்கவில்லை, பயப்படாதே.

நேற்று முந்தாநாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, வெஸ்ட் எண்டில் நாடக அரங்குகள் எல்லாம் அவளுக்காக இரண்டு நிமிஷம் வெளிவிளக்கைக் குறைப்பதாகச் செய்தி வந்தது. இங்கே அது ஒரு வழக்கம். இஞ்சிக்காரம்மா போயே ஆகவேண்டும் என்றாள். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு எலிசபெத் லைன் ரயிலில் ஏறினோம். அவளுக்கு ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் கீல்குட் அரங்கின் வாசலில்தான் நிற்கவேண்டுமாம். முன்னாளில் அதற்குப் பெயர் குளோப். 1987-இல் 'லெட்டிஸ் அண்ட் லவேஜ்' அங்கேதான் நடந்தது, அவள் மூன்று தடவை பார்த்தாளாம். அந்த நாடகத்தை நியூயார்க்குக்கும் கொண்டுபோய் மேகி ஸ்மித் டோனி விருது வாங்கினாள்.

பெரிய கூட்டம் என்று சொல்லமுடியாது. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெண், இருபது வயது இருக்கும், கழுத்தில் சிவப்பும் மஞ்சளுமாய்க் கோடு போட்ட ஹாரி பாட்டர் மஃப்ளர். நான் மனசுக்குள் கடையில் அந்தப் பையனைப் பார்த்த மாதிரியே பார்த்தேன். ஏழு மணிக்கு விளக்குகள் அணைந்தன. நான் நினைத்த மாதிரி ஒன்றும் இருட்டிவிடவில்லை. பஸ் விளக்கு, எதிர்க் கடை வெளிச்சம், சைக்கிள் ரிக்‌ஷாக்காரன் ஒருவனுடைய பாட்டு. வாசலுக்கு மேலே இருந்த வெளிச்சம் மட்டும் போய், அந்தக் கல் கட்டடம் சட்டென்று வயசான மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுதாள். இஞ்சிக்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பூனையா மாறுவாளே, அந்தப் படமா?" என்று கேட்டாள். அவள் தலையாட்டினாள். ஒரு சின்னப் பையன் மேகி ஸ்மித்திடம் 'நீங்க நிஜமாவே பூனையா இருந்தீங்களா?' என்று கேட்டிருக்கிறான், 'சுதாரிச்சுக்கோ' என்று இவள் வாய் தானாகச் சொல்லிவிட்டதாம். அதை இஞ்சிக்காரம்மா அப்படியே மேகி ஸ்மித் குரலில் சொல்லிக்காட்ட, அழுத பெண் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். நான்தான் அசடு வழிந்துகொண்டு நின்றேன்.

ரயிலில் திரும்பும்போது இஞ்சிக்காரம்மா ஒரு விஷயம் சொன்னாள். அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்திருக்கிறேன்.

ஹாரி பாட்டர் வரிசையில் ஆறாவது படத்தை எடுக்கும்போது மேகி ஸ்மித்துக்கு மார்பில் புற்றுநோய். கீமோ ஏற்றிக்கொண்டே படப்பிடிப்புக்குப் போனாள். தலையில் ஒரு முடி கிடையாது. டோப்பா மாட்டச் சிரமமே இல்லை, வேகவைத்த முட்டை மாதிரி இருந்தேன் என்று பிறகு பேட்டியில் சொன்னாள்.

கோமு, எனக்குத் தெரியும். மார்ச் மாதமே எஸ்தர் போனில் சொல்லிவிட்டாள். அதற்கு முந்தின மௌனம் சோம்பேறித்தனம். மார்ச்சுக்குப் பிறகு இருந்தது அது இல்லை. போனை எடுப்பேன், உன் பெயர் வரை வருவேன், 'எப்படி இருக்கே' என்று கேட்பதா, கேட்டால் நீ என்ன சொல்வாய், நான் அழுதுவிட்டால் என்ன செய்வது, இப்படியே ஏழு மாதம். நீ பள்ளிக்கூட நாடகத்தை இந்த வருஷம் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாய், வாசலுக்குக்கூட வருவதில்லை என்று எஸ்தர் போன வாரம் சொன்னாள். அப்போதும் பேசவில்லை. யாரோ ஒரு நடிகை செத்தபிறகுதான் எனக்கு எழுதத் துணிச்சல் வந்திருக்கிறது. இதை என்னவென்று வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

மேகி ஸ்மித் மீண்டாள், நீயும் மீள்வாய் என்று எழுதினால் இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவாய். அவளே அப்படி வீரம் பேசவில்லை. தெம்பெல்லாம் போய்விட்டது, மேடை என்றால் இப்போது பயமாக இருக்கிறது என்றுதான் 2009-இல் சொன்னாள். 2007-க்கு அப்புறம் மேடை ஏறவே இல்லை. பன்னிரண்டு வருஷம். பிறகு 2019-இல், 84 வயதில், பிரிட்ஜ் தியேட்டரில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கோயபல்ஸிடம் சுருக்கெழுத்து வேலை பார்த்த ஒரு பெண்ணாக, ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஒற்றை ஆளாகப் பேசினாள். இஞ்சிக்காரம்மாவிடம் அதற்கு ஒரு டிக்கெட் மிச்சம் இருந்தது. என்னைக் கூப்பிட்டாள். கடையில் ஸ்டாக் எடுக்கிற வாரம், அப்புறம் ஒருநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். அதுதான் அவளுடைய கடைசி நாடகம்.

ஜனவரி 9-ஆம் தேதி கிளம்புகிறேன், மூன்று வாரம். அக்கா வீட்டில் தங்கமாட்டேன், உன் வீட்டில்தான். மாடி அறை வேண்டாம், முழங்கால் ஒத்துழைக்காது. பருப்பு மூட்டை டிவிடியைக் கொண்டுவருகிறேன், உன் வீட்டில் அதைப் போடுகிற பெட்டி இன்னும் இருக்கிறதா என்று பார். வாசல் கதவைத் திறக்காவிட்டால் கொல்லைப்புறமாக வருவேன், அந்தப் பழக்கம் உனக்குத் தெரியும்.

ஒன்று மறந்துவிட்டேன். இஞ்சிக்காரம்மா உனக்கு ஒரு தொப்பி பின்னுகிறாள். பாளையங்கோட்டை வெயிலுக்குக் கம்பளியா என்று நான் கேட்டுவிட்டேன், பருத்தி நூலாம். தலை அளவு கேட்டாள். முட்டை அளவு என்று சொல்லிவைத்திருக்கிறேன். நூலால் சுற்றி அளந்து சரியான அளவை எஸ்தரிடம் கொடுத்து அனுப்பு. நிறத்தையும் சொல், இல்லையென்றால் பழுப்பில் பின்னிவிடுவாள்.

உன்
வடிவு