மழைக்கு முந்தின நாளே வெள்ளம் வருமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த மழை, வெள்ளம் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படித்தது அதனோடு வந்த வரைபடத்துக்காக. கனமழை 12ஆம் தேதி. ஆற்றில் நீர்வரத்து உச்சம் தொட்டது 11ஆம் தேதி. மழைக்கு முந்தின நாளே வெள்ளம்! கட்டுரையாளர் இதைக் கவனிக்காமல் இல்லை. கவனித்து, மேலே எங்கோ மதகைத் திறந்துவிட்டிருக்க வேண்டும் என்று முடிவும் கட்டிவிட்டார். மதகின் மேல் பழி போடும் முன், மழையை எத்தனை மணிக்கு அளந்தார்கள் என்று பார்த்திருக்கலாம்.

பல ஆண்டுகளாக என் பிழைப்பே இந்தக் கோப்புகளோடுதான். பொதுத் தளங்களில் கிடைக்கும் மழை, வெப்பநிலை, ஆற்று நீரோட்டப் பதிவுகளை இறக்கி, ஆய்வு செய்கிறவர்களுக்கு ஏற்றபடி அடுக்கித் தருவது என் வேலை. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

பல நிலையங்களில் மழைமானியில் சேர்ந்த நீரைக் காலையில் ஒரே ஒரு முறைதான் அளக்கிறார்கள். 12ஆம் தேதி காலை 8 மணிக்கு அளந்தால், அதற்கு முந்தைய 24 மணி நேர மழை முழுவதும் 12 என்ற தேதியில் ஏறிவிடும். அதில் 16 மணி நேரம் உண்மையில் 11ஆம் தேதிக்கு உரியது. ஆற்றின் நாள் சராசரியோ பெரும்பாலும் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை போடப்படுகிறது. 11ஆம் தேதி பிற்பகலில் கொட்டிய மழைக்கு மாலையே ஆறு பொங்கினால், ஆற்றின் கணக்கில் அது 11, மழையின் கணக்கில் 12. இரண்டு கோப்புகளையும் தேதியை மட்டும் பார்த்து ஒட்டினால் வெள்ளம் மழையை முந்திக்கொண்டு நிற்கும். மழை பெய்த சில மணி நேரத்திலேயே ஆறு ஏறிவிடும் சிறிய வடிநிலங்களில், அதாவது மழைநீர் வடிந்து ஓர் ஆற்றில் சேரும் நிலப்பரப்புகளில், இந்தக் கோளாறு பளிச்சென்று தெரிந்துவிடும். பெரிய ஆறுகளில் தெரியாமல் ஒளிந்துகொள்ளும். அதுதான் இன்னும் மோசம். போதாததற்கு, சில தளங்கள் உள்ளூர் நேரத்தில் தருகின்றன, சில உலகப் பொது நேரத்தில் தருகின்றன. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாடுகளில் ஆண்டுக்கு ஒரு நாளுக்கு 23 மணி நேரம், இன்னொரு நாளுக்கு 25 மணி நேரம். உள்ளூர் நேரத்தில் எழுதிய 15 நிமிடப் பதிவுகளில் அந்த நாள்களுக்கு 96 வரிகளுக்குப் பதில் 92 அல்லது 100 வரிகள் நிற்கும்.

“பதிவுகள் எல்லோருக்கும் திறந்து கிடக்கின்றன, பொத்தானை அழுத்தினால் போதும்” என்ற பொருளில் ஒரு வரியும் கட்டுரையில் இருந்தது. திறந்து கிடப்பது உண்மை, மகிழ்ச்சியும்கூட. ஆனால் பொத்தானை அழுத்தியதும் கிடைப்பது களத்தில் குவித்த நெல்தான். அரிசியாக்கும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஒரே ஒரு கோப்பைப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா பராமரிக்கும் உலகத் தினசரி வானிலைத் தொகுப்பில், நிலையக் கோப்பின் ஒரு வரி என்பது ஒரு மாதம். முதல் 11 எழுத்துகள் நிலையத்தின் குறியீடு. அடுத்து ஆண்டு, மாதம், எதை அளந்தார்கள் என்ற குறி. அதன்பின் 31 நாள்களுக்கு 31 இடங்கள், ஒவ்வொன்றும் 8 எழுத்து அகலம். வரியின் மொத்த நீளம் 269 எழுத்து. எண்களுக்கு நடுவில் காற்புள்ளியும் கிடையாது, எதுவும் கிடையாது. எழுத்தை எண்ணித்தான் வெட்டியெடுக்க வேண்டும். மழைக்கு 254 என்றிருந்தால் அது 25.4 மில்லிமீட்டர், ஏனென்றால் அலகு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. பிப்ரவரி 30, 31 தேதிகளுக்கும் அங்கே இடம் உண்டு! அந்த இடங்களிலும், பதிவு விடுபட்ட நாள்களிலும் -9999 என்று எழுதியிருக்கும்.

எங்களிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஒருவர், ஒரு மாத மழையைக் கூட்டி -2,812.3 மில்லிமீட்டர் என்று கொண்டுவந்து காட்டினார். 187.4 மில்லிமீட்டர் மழையோடு விடுபட்ட மூன்று நாள்களையும் சேர்த்துக் கூட்டியிருந்தார். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் அவர் அந்த மூன்று -9999களையும் பூஜ்யமாக்கிவிட்டார். விடை 187.4 என்று அழகாக வந்தது. யாரும் சிரிக்கவில்லை; சிரித்திருக்க வேண்டியது அப்போதுதான். பூஜ்யம் என்றால் அளந்தோம், மழை இல்லை என்று பொருள். விடுபட்டது என்றால் பெய்ததா இல்லையா என்றே தெரியாது என்று பொருள். மழைமானிப் பக்கம் போகவே முடியாத அளவுக்குப் பேய்மழை கொட்டிய நாளாகக்கூட அது இருக்கலாம்.

எக்செல் தனிக் கதை. அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் ஆற்று நிலைய எண்கள் பல பூஜ்யத்தில் தொடங்குபவை. வாஷிங்டன் அருகே பொட்டோமாக் ஆற்று நிலையத்தின் எண் 01646500. எக்செல்லில் நேராகத் திறந்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகும். சேமித்துவிட்டால் அந்த நிலையம் வேறு எந்தக் கோப்போடும் சேராது. தேதியில் நடப்பது அதைவிட விபரீதம். நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதிய கோப்பை மாதத்தை முதலில் எதிர்பார்க்கும் கணினியில் திறந்தால், ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாள்கள் நாளும் மாதமும் இடம் மாறிப்போகும். 13ஆம் தேதியிலிருந்து வெறும் எழுத்தாக நின்றுவிடும். ஆண்டு, மாதம், நாள் என்று 2024-03-04 போல எழுதும் பன்னாட்டு முறை இருக்கும்போது வேறு எதுவும் எதற்கு என்பது என் தீராத சலிப்பு. எக்செல் தாளின் கொள்ளளவு 10,48,576 வரிகள். முப்பது ஆண்டுகளின் 15 நிமிடப் பதிவுகள் பத்தரை லட்சத்தைத் தாண்டும். ஆக, கடைசி ஒரு மாதத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் தாளுக்குள் வராமலே போகும். எச்சரிக்கை ஒன்று திரையில் வரும். அதைப் படிக்காமலே ‘சரி’யை அழுத்திய கை என்னுடையதும்தான்.

அலகைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஒரு கன மீட்டர் என்பது சுமார் 35.31 கன அடி. அதை மறந்தவர்களை மன்னித்துவிடலாம், ஏனென்றால் விடை அபத்தமாகி உடனே காட்டிக்கொடுத்துவிடும். நான் செய்யும் முதல் சோதனை ஒன்றுதான். வினாடிக்கு எத்தனை கன மீட்டர் என்பதை 86.4ஆல் பெருக்கி, வடிநிலப் பரப்பின் சதுர கிலோமீட்டரால் வகுத்தால், நீரோட்டம் நாளுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று மழையின் மொழிக்கே வந்துவிடும். 1,200 சதுர கிலோமீட்டரிலிருந்து வினாடிக்கு 25 கன மீட்டர் வந்தால், அது 1.8 மில்லிமீட்டர். ஆண்டு முழுவதும் கூட்டிப் பார்த்து, பெய்ததைவிட ஓடியது அதிகம் என்று வந்தால், வெளியிலிருந்து தண்ணீர் வர வழியில்லாத இடத்தில், நான் முதலில் சந்தேகப்படுவது கோப்பைத்தான், ஆற்றை அல்ல.

இன்னொன்று. ஆற்று நிலையங்கள் பலவற்றில் தொடர்ந்து அளக்கப்படுவது நீர்மட்டம் மட்டுமே. இந்த மட்டத்துக்கு இவ்வளவு நீரோட்டம் என்று, அவ்வப்போது நேரில் அளந்து தயாரித்த ஒரு வளைகோட்டின் மூலமாகத்தான் கன அடிக் கணக்கு வருகிறது. பெருவெள்ளம் படுகையை அரித்துவிட்டால் அந்தக் கோடு மாறும். மாறினால் பழைய எண்களும் திருத்தப்படும். அதனால்தான் புதிய பதிவுகளைத் தற்காலிகம் என்றும், சரிபார்த்தவற்றை ஒப்புதல் பெற்றவை என்றும் குறியிட்டுத் தருகிறார்கள். அந்தக் குறி இருக்கும் நெடுவரிசையைத்தான் எல்லோரும் இடத்தை அடைக்கிறது என்று முதலில் நீக்குகிறார்கள். உங்கள் வரைபடத்தின் உச்சம் தற்காலிகமா, ஒப்புதல் பெற்றதா என்று கட்டுரையில் எங்கும் இல்லை. அடுத்த ஆண்டு யாராவது அதே நிலையத்தின் பதிவை இறக்கி வேறு எண்ணைக் கண்டால் யார் பொய் சொன்னது என்ற வீண் வழக்குத்தான் மிஞ்சும்.

எனவே ஒரு வேண்டுகோள். இனி இப்படியொரு வரைபடம் போடும்போது அதன் அடியில் இரண்டு வரி கொடுங்கள்: எந்த நிலையம், என்றைக்கு இறக்கியது, நாள் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, விடுபட்ட நாள்களை என்ன செய்தீர்கள் என்று. இறக்கிய மூலக் கோப்பைக் கை வைக்காமல் தனியே வைத்திருக்கும்படி கட்டுரையாளரிடமும் சொல்லுங்கள். திருத்தம் எல்லாம் நகலில் நடக்கட்டும்.

அவர் குறிப்பிட்ட நான்கு மழை நிலையங்களின் பதிவுகளையும் நேற்று நானே இறக்கிப் பார்த்தேன். மூன்றில் அளந்த நேரம் காலை 8 என்று இருக்கிறது. அந்த மூன்றின் மழையை முந்தின நாளுக்கு நகர்த்தி வரைந்தால், மழையும் வெள்ளமும் 11ஆம் தேதியிலேயே ஒன்றாக நிற்கின்றன, மதகுக்கு வேலையில்லை. அந்த வரைபடத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். நான்காவது நிலையத்தின் கோப்பில் நேரமே இல்லை. அதை நான் நகர்த்தவும் இல்லை, சேர்க்கவும் இல்லை.

இப்படிக்கு,
கோப்புகளோடு வாழும் வாசகர் ஒருவர்