ஐந்து கட்டை மிருதங்கம் யாரிடமாவது இருக்கிறதா?

சிங்கப்பூரில் நாங்கள் நடத்தும் மாதக் கச்சேரிக்கு இரண்டு நாள் முன்னால் வாட்ஸ்அப் குழுவில் தவறாமல் வந்து விழும் கேள்வி இது (கட்டை என்பது சுருதியின் அளவு). சில மாதம் யாராவது கை தூக்குவார்கள். யாரும் தூக்காத மாதத்தில், பாடுகிறவர் தனக்குப் பழக்கமில்லாத சுருதிக்கு இறங்கி வந்து பாடுவார், மந்திர ஸ்தாயியில், அதாவது கீழ்ச் சுரங்களில், குரலே கேட்காது, நாமும் நாகரிகம் கருதித் தலையாட்டிவிட்டுக் கிளம்புவோம்.

இதற்கு ஒரு முடிவு கட்டத்தான் பொது வாத்திய நிதி ஒன்று தொடங்குகிறோம். பணம் வேண்டும், உங்களிடம்தான் கேட்கிறோம்.

மிருதங்கம் வாசிக்கிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். வயலின் மாதிரி ஆணியைத் திருகி மிருதங்கத்தை நினைத்த சுருதிக்குக் கொண்டுபோக முடியாது. விளிம்பில் கல்லால் தட்டிக் கொஞ்சம் ஏற்றலாம், கொஞ்சம் இறக்கலாம், அவ்வளவுதான். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுகிறார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரையில். முன்னதற்குப் பெரிய தக்கு (தாழ்ந்த) சுருதி மிருதங்கம், பின்னதற்குச் சிறிய ஹெச்சு (உயர்ந்த) சுருதி மிருதங்கம். ஆக ஒருவருக்கே குறைந்தது இரண்டு வேண்டும். கடம் இதைவிட மோசம், சூளையிலிருந்து எந்தச் சுருதியில் வந்ததோ ஏறக்குறைய அதுதான் கடைசி வரைக்கும்.

நம் ஊர்ப் புழுக்கம் வேறு. ஈரக்காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடும், வலந்தலையில், அதாவது வலப்பக்க முகத்தில், கரணை என்ற கறுப்புப் பூச்சு உதிர ஆரம்பித்தால் தோலை மாற்றியே ஆக வேண்டும். நாங்கள் விசாரித்தவரையில் முறையாக மூட்டுப் போட, அதாவது தோலை மாற்றிக் கட்ட, தெரிந்தவர் இங்கே அகப்படவில்லை, அதனால் யாராவது சென்னைக்குப் போகும்போது மிருதங்கத்தையும் கூடவே தூக்கிக்கொண்டு போகிறார்கள், திரும்பி வரும்வரை வாசிக்கிறவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இதில் அடிபடுவது இளசுகள்தான். பெற்றோர் ஒரு மிருதங்கம் வாங்கித் தருவார்கள், பையனும் ஏழெட்டு வருடம் ஒழுங்காகக் கற்றுக்கொள்வான், அப்புறம் ஓ நிலைத் தேர்வு, அதற்குப் பிறகு இரண்டு வருடம் கட்டாயத் தேசிய சேவை. நடுவில் கிடைக்கும் வார விடுப்பில் வாசிக்க அழைத்தால் அவனிடம் இருக்கும் ஒன்று பாடகியின் சுருதிக்குச் சேராது. இப்படி ஒதுங்கியவர்கள் நமக்கெல்லாம் தெரிந்த பிள்ளைகள்தான், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். 2002 முதல் எஸ்பிளனேட் கலையரங்கில் நடக்கும் கலா உற்சவம் என்ற இந்தியக் கலை விழாவுக்குச் சென்னை வித்வான் வந்தால் நாமெல்லாம் முந்திக்கொண்டு டிக்கெட் வாங்குகிறோம், நல்லதுதான். ஆனால் 1949இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகத்திலும் வீட்டு வகுப்புகளிலும் தலைமுறை தலைமுறையாகப் படித்து வந்தவர்கள் இங்கேயே பாடும்போது முன்வரிசையில் அவர்கள் குடும்பம்தான் உட்கார்ந்திருக்கிறது. பக்கவாத்தியக்காரர்களுக்கு ஒரு சால்வையும் இட்லி சாம்பாரும் போதும் என்றும் நினைத்துக்கொள்கிறோம். தாளவாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் காபிக்கு எழுந்து போகிறவர்களைப் பற்றி இங்கே பேசவில்லை!

சரி, கணக்குக்கு வருவோம். இலக்கு 7,500 வெள்ளி. ஹெச்சு சுருதியில் இரண்டு, தக்கு சுருதியில் ஒன்று என்று மூன்று மிருதங்கங்கள், மானாமதுரைக் கடம் இரண்டு, நிஜமான தம்பூரா ஒன்று (பெட்டித் தம்பூராவும் கைப்பேசிச் செயலியும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது), அனுப்பும் செலவு, தோல் மாற்றும் செலவு. கஞ்சிராவும் உண்டு, ஆனால் வழக்கமான உடும்புத் தோலில் இல்லை, ஆட்டுத்தோலில்தான். உடும்பு இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பிராணி, விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ள எங்களுக்கு விருப்பமில்லை. மிச்சப்படுவதெல்லாம் பக்கவாத்தியச் சன்மானத்துக்கு.

வாத்தியங்கள் எந்தத் தனி ஆளுக்கும் சொந்தமில்லை. கச்சேரிக்கோ பயிற்சிக்கோ யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம், வாடகை கிடையாது. உடைத்தால்? பேசித் தீர்த்துக்கொள்வோம், மாணவர்களிடம் பணம் வாங்க மாட்டோம்.

10 வெள்ளியும் சரி, 500 வெள்ளியும் சரி. நாங்கள் பதிவுபெற்ற அறநிறுவனம் இல்லை, ஆகவே வரிக்கழிவு கிடைக்காது, அதைத் தெரிந்துகொண்டே கொடுங்கள். கச்சேரிக்கு வந்து கேட்கிற உங்களைத் தவிர வெளியாரிடம் கேட்பதாகவும் இல்லை. பணம் அனுப்பப் பேநவ் விவரம் வாட்ஸ்அப் குழுவின் மேலே இருக்கிறது, வரவு செலவை மாதாமாதம் அங்கேயே போடுவோம்.

பணம் இல்லாவிட்டாலும் வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய மிருதங்கம் கிடக்கிறதா என்று பாருங்கள். தோல் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, பலாக்கட்டை வெடிக்காமல் இருந்தால் போதும், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.

ஏற்பாட்டுக் குழு