பேசாத குதிரையைப் பற்றிப் பிள்ளைகள் பேசட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்துப் பார்த்துத்தான் வீட்டில் தமிழ் குறைந்துவிட்டது என்று போன வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருக்கு இருக்கிற கவலை எனக்கும் இருக்கிறது. ஆனால் பழியை மொத்தமாகக் கார்ட்டூன் தலையில் போடுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் இந்த ஜூன் விடுமுறையில் சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது அதற்கு நேர்மாறு.

பேத்தி தொடக்கநிலை ஐந்தாம் வகுப்பு, பேரன் மூன்றாம் வகுப்பு. இரண்டு பேருக்கும் தமிழ் புரியும், ஆனால் கேட்டால் பதில் ஆங்கிலத்தில்தான் வரும். விடுமுறைக்கு வந்தவர்களுக்கு 'ஸ்பிரிட்: ஸ்டாலியன் ஆஃப் தி சிமரான்' என்ற படத்தைப் போட்டுக் காட்டினேன். 2002இல் வந்தது, ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் சுதந்திரமாகத் திரிகிற ஒரு காட்டுக்குதிரையைப் பிடித்துப் பட்டாளத்துக் கோட்டைக்குக் கொண்டு போகிறார்கள், அது எப்படித் தன் கூட்டத்திடம் திரும்பி வருகிறது என்பதுதான் கதை. இந்தப் படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது, குதிரைகள் வாயைத் திறந்து பேசுவதே இல்லை. மற்ற கார்ட்டூன்களில் எலி பேசும், மீன் பேசும், கார்கூடப் பேசும். இதில் கதாநாயகக் குதிரை மனசுக்குள் நினைப்பது மட்டும் அங்கங்கே மேட் டேமன் குரலில் பின்னணியில் வரும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் கனைப்பு, மூச்சு, குளம்புச் சத்தம், முகபாவம். அதனால் சிரிப்பு வருகிற இடங்கள் எல்லாமே கண்ணால் பார்த்துச் சிரிக்க வேண்டிய இடங்கள்.

என் அப்பா புக்கிட் தீமா பந்தயத் திடலில் குதிரை பார்க்கிற வேலையில் இருந்தவர், சைஸ் என்பார்கள். சின்ன வயதில் லாயத்துக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் தெரிந்தே சொல்கிறேன். குதிரைக்குக் காதுதான் வாய். இரண்டு காதையும் தனித்தனியாகத் திருப்பும், ஒன்று நம் பக்கம் இருக்கும்போதே இன்னொன்று பின்னால் யார் வருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கும். காதைப் பின்னுக்கு இழுத்துத் தலையோடு ஒட்டிக்கொண்டால் அது கோபத்தில் இருக்கிறது, கிட்டப் போகாதே என்று அப்பா சொல்லுவார். அவர் பார்த்துக்கொண்ட குதிரைகளில் ஒன்று, அவர் குனிந்து குளம்பைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் தோளில் கிடக்கிற துண்டை மெதுவாகப் பல்லால் கவ்வி இழுத்துவிடும். அவர் நிமிர்ந்து தோளைத் தடவித் தேடுவார், அது இரண்டு காதையும் முன்னால் நீட்டிக்கொண்டு, துண்டு வாயில் தொங்க, ஒன்றுமே தெரியாத மாதிரி வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த முகத்தை ஐம்பது வருடம் கழித்து இந்தப் படத்தில் திரும்பப் பார்த்தேன். வரைந்தவர்கள் கைகர் மஸ்டாங் இனத்தைச் சேர்ந்த உண்மையான ஒரு குதிரையை நேரில் பார்த்துப் பழகி அதை மாதிரியாக வைத்துத்தான் வரைந்தார்கள், அது திரையில் நன்றாகவே தெரிகிறது. புருவம் மட்டும் அவர்கள் கைச்சரக்கு. நிஜக் குதிரைக்கு அப்படி ஏறி இறங்குகிற புருவம் கிடையாது. காதும் மூக்குத் துவாரமும் அச்சு அசல்.

கோட்டையில் பிடரி மயிரை வெட்ட வருகிற காட்சிக்கு வருகிறேன். முறுக்கிக்கொண்டு வருகிற ஆளுக்கு இது எப்படிப்பட்ட குதிரை என்று தெரியாது, பார்க்கிற நமக்கு நன்றாகவே தெரியும். கட்டிப் போட்டிருந்தாலும் அது ஆளை விடுவதாக இல்லை. பேரன் இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னான், ஆறு தடவையாவது பார்த்திருப்போம். ஏழாவது தடவைக்கு நான் ஒரு நிபந்தனை போட்டேன்: என்ன நடந்தது என்று முதலில் எனக்குத் தமிழில் சொல்லு, அப்புறம் போடுகிறேன். "பாட்டி, அந்த அங்கிள் ஹேர் கட் பண்ண வந்தாரு, குதிரை கிக் பண்ணிச்சு" என்றான். சரி, குதிரைக்கு அதைப் பிடரி என்று சொல்லுவோம், கிக்கை உதை என்று சொல்லுவோம் என்றேன். அடுத்த தடவை அவனே, "பிடரிய வெட்ட வந்தாரு, ஒரே உதை, போயி விழுந்துட்டாரு" என்று கையைக் காலை ஆட்டி நடித்துக் காட்டினான். இந்தப் பிள்ளையைத்தான் தமிழில் இரண்டு வரி சேர்ந்தாற்போல் பேச வைக்க முடியவில்லை என்று அவன் அம்மா புலம்பிக்கொண்டிருந்தாள். விழுந்தவரைப் பற்றிச் சொல்வதற்கு அவனுக்குச் சொற்கள் வேண்டியிருந்தன, அதனால் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அதற்கு அடுத்து, குதிரையை அடக்கிக் காட்டுகிறேன் என்று சிப்பாய்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறுவார்கள், ஏறின வேகத்தில் விழுவார்கள். ஒவ்வொருவர் விழுகிறதும் ஒவ்வொரு தினுசு, ஒரே நகைச்சுவையைத் திருப்பித் திருப்பிச் செய்தும் அலுக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம். 'குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்' என்று எங்கள் வீட்டில் சொல்லுவார்கள், அதை அங்கே சொன்னேன். பேத்தி உடனே பிடித்துக்கொண்டாள். பள்ளியில் கொடுத்த பழமொழித் தாள் ஒன்று அவள் பையில் இருந்தது, தேர்வுக்கு மனப்பாடம் செய்ய வேண்டியவை. அதில் ஒன்றுக்குக்கூட அவளுக்கு உதாரணம் சொல்லத் தெரியவில்லை. இதற்கு மட்டும் விழுந்த சிப்பாய்கள் அத்தனை பேரும் உதாரணம்!

இன்னொரு பழமொழியும் சொன்னேன். கொள்ளென்றால் வாயைத் திறக்குமாம் குதிரை, கடிவாளமென்றால் வாயை மூடுமாம். பேத்தி கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் சொன்னாள்: "ஆனா பாட்டி, இவங்க இந்தக் குதிரைக்குக் கொள்ளே குடுக்கலையே. மூணு நாளா தண்ணிகூடக் குடுக்காம கட்டித்தானே வச்சாங்க? அப்போ அந்தப் பழமொழி இதுக்கு எப்படிச் சரியா வரும்?"

அவள் சொன்னது சரிதான். படத்தில் கோட்டைக்குத் தலைவரான கர்னல், குதிரையை மூன்று நாள் சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் கம்பத்தில் கட்டிப் போடுகிறார். அது கடிவாளத்துக்கு வாயை மூடியது சோம்பலால் இல்லையே. பத்து, பதினோரு வயதுப் பிள்ளை ஒரு பழமொழியோடு வாதாடினாள், அதையும் தமிழிலேயே வாதாடினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிறகு லக்கோட்டா என்ற அமெரிக்கப் பூர்வகுடி இளைஞன் லிட்டில் கிரீக்கின் ஊருக்குக் கதை போகிறது. அங்கே சிரிப்பு வேறு மாதிரி, அடிதடி இல்லாதது. அவன் இந்த முரட்டுக் குதிரையை ரெயின் என்ற தன் பெண்குதிரையோடு ஒரே கயிற்றில் சேர்த்துக் கட்டிவிடுகிறான். பட்டாளமே அடக்க முடியாதவன், நிதானமாக நிற்கிற ஒரு பெண்குதிரை பக்கத்தில் வந்ததும் தடுமாறுகிறான். நான் முதலில் கவனித்தது காதுகளைத்தான். கோட்டையில் பின்னால் ஒட்டிக் கிடந்தவை இங்கே முன்னால் வருகின்றன, அவனுக்கே தெரியாமல். லிட்டில் கிரீக்கும் ஏறிப் பார்க்கிறான், விழுகிறான், எழுந்து மறுபடி வருகிறான். சிப்பாய்கள் விழுந்தபோது கைதட்டிய என் பேரன் இவன் விழுந்தபோது "பாவம்" என்றான். விழுவதென்னவோ ஒன்றுதான், யார் விழுகிறார் என்பதை வைத்துச் சிரிப்பின் குணமே மாறிவிடுகிறது, அதை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் செய்திருக்கிறார்கள்.

சோகமான படம், சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சில தோழிகள் சொன்னார்கள். சோகம் இருக்கிறது, மறுக்கவில்லை. இந்தச் சிரிப்புக் காட்சிகள் நடுநடுவே இருப்பதால்தான் பிள்ளைகள் அந்தச் சோகத்தோடும் கூடவே நடந்து போனார்கள்.

இதை ஏன் ஆசிரியருக்கு எழுதுகிறேன் என்றால், நம் பிள்ளைகள் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் தாய்மொழி வாய்மொழிப் பகுதியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு அதைப் பற்றித்தான் பேசியாக வேண்டும். அதற்குப் பயிற்சி என்று நாம் காட்டுவதெல்லாம் குப்பையைத் தொட்டியில் போடுவது, முதியவருக்கு இருக்கையை விட்டுக்கொடுப்பது போன்ற காட்சிகள். நல்ல விஷயங்கள்தான். ஆனால் அதில் பிள்ளைக்குச் சொல்ல என்ன ஆசை வரும்? பேச்சே இல்லாத ஒரு நல்ல நகைச்சுவைக் காட்சியை இரண்டு நிமிடம் காட்டிப் பாருங்கள். பார்த்ததை அடுத்தவரிடம் சொல்லாமல் அவர்களால் இருக்க முடியாது.

ஆகவே இரண்டு வேண்டுகோள். உங்கள் மாணவர் பக்கத்தில், வசனம் இல்லாத ஒரு சிரிப்புக் காட்சியைத் தமிழில் எழுதி அனுப்பச் சொல்லி வாரம் ஒரு கட்டம் ஒதுக்குங்கள். பிழை இருந்தால் இருக்கட்டும், அவர்கள் சொன்னபடியே போடுங்கள். அடுத்தது நூலகங்களிலும் சமூக மன்றங்களிலும் தமிழ்க் கதை நேரம் நடத்துகிறவர்களுக்கு: ஒரு தடவையாவது கதையை நீங்கள் சொல்லாமல், காட்சியைக் காட்டிவிட்டுப் பிள்ளைகளைச் சொல்ல விடுங்கள். தமிழில் குரல் கொடுத்து வெளியிடுகிறவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். படத்தில் குதிரை சும்மா இருக்கிற இடத்தில் அதையும் இதையும் பேச வைத்துவிடாதீர்கள்.

கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி நடந்து முடிந்துவிட்டது. என் அப்பா வேலை பார்த்த மாதிரியான லாயத்தை இனி பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட முடியாது. ரேஸ் கோர்ஸ் சாலைக்குச் சாப்பிடப் போனால் ஏன் இந்தப் பெயர் என்று கேட்கிறார்கள், ஃபேரர் பார்க்கில் ஒரு காலத்தில் குதிரைகள் ஓடின என்று சொல்லுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அப்படிச் சொன்னபோது பேரன் சாப்பாட்டு மேசையிலேயே எழுந்து நின்று, தலைக்கு மேல் இரண்டு கையையும் காது மாதிரி வைத்துப் பின்னால் மடக்கி, "தாத்தாவோட அப்பாவா, உங்க அப்பாவா பாட்டி, இப்படிக் காது வச்சா கிட்ட போகாதேன்னு சொன்னது?" என்று கேட்டான். என் அப்பாதான் என்றேன். துண்டு கதையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்.

அன்புடன்,
ஒரு வாசகி
ஈசூன்